முன்னறையில் பிறந்த பார்லர்

அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து திருமுல்லைவாயல் வழியே ஆவடி வரையிலும், அந்தப் பக்கம் பூந்தமல்லி, குமணன்சாவடி வரையிலும் எந்தக் குடியிருப்புத் தெருவுக்குள் திரும்பினாலும் ஒரு பியூட்டி பார்லர் கண்ணில் படும். மாடிப்படிக்குக் கீழே, கார் நிறுத்தும் இடத்தை மறித்துக் கட்டிய அறையில், அல்லது வீட்டு முன்னறையிலேயே அது இருக்கும். வாசலில் கனத்த திரை, அதற்கு மேல் 'பெண்களுக்கு மட்டும்' என்ற பலகை. கோயில், ரேஷன் கடை, தண்ணீர் லாரி வரிசை என்று பெண்கள் கூடும் இடங்கள் இந்தச் சென்னைப் புறநகரில் பல உண்டு. ஆனால் ஆண்கள் வரவே முடியாத, அதே நேரம் வீட்டுக்கு வெளியே இருக்கிற இடம் இது ஒன்றுதான். இப்படி ஓர் இடம் எங்கிருந்து முளைத்தது என்று தேடினால் இரண்டு விடைகள் உடனே கிடைக்கின்றன. ஆண்களின் முடிதிருத்தகத்துக்குப் பெண்வடிவம் இது என்பது ஒன்று. நகரத்து மேல்தட்டு சலூன் மெல்ல மெல்லப் புறநகருக்கு இறங்கி வந்தது என்பது இன்னொன்று. இரண்டுமே என்னைத் திருப்திப்படுத்தவில்லை.

முதல் விடையை எடுத்துக்கொள்வோம். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், குடிகள் பற்றிய தொகுப்பில், முடிதிருத்தும் சமூகத்துப் பெண்கள் பிரசவம் பார்ப்பவர்களாகவே வருகிறார்கள். கத்தியும் கத்திரியும் ஆண்களிடம் இருந்தன. பெண்களின் கை மகப்பேற்றில் இருந்தது. அதைவிட முக்கியமாக, தமிழ்ப் பெண்ணின் கூந்தலை வெட்டும் வழக்கமே அன்று இல்லை. திருத்தணியிலோ திருப்பதியிலோ வேண்டுதலுக்கு முடி இறக்கலாம். கைம்பெண்ணின் தலையை மழிக்கும் கொடுமையும் சில சமூகங்களில் இருந்தது. அலங்காரத்துக்காகக் கத்திரி வைப்பது மட்டும் நினைக்க முடியாததாக இருந்தது. ஆகவே கத்திரியிலிருந்து இந்தத் தொழில் தொடங்கியிருக்க வழியில்லை. புறநகர்ப் பார்லரின் விலைப்பட்டியலில் இன்றும் முதல் வரியில் நிற்பது ஐப்ரோதான். அதற்குத் தேவை ஒரு நூல்கண்டு, பவுடர் டப்பா, கண்ணாடி, தலை சாய்க்க ஒரு நாற்காலி. மின்சாரம் போனால்கூட வேலை நிற்காது. இவ்வளவு குறைந்த முதலில் தொடங்க முடிந்ததால்தான், கடை பிடித்து அட்வான்ஸ் கொடுக்க வழியில்லாத பெண்ணும் வீட்டு முன்னறையில் தொழிலைத் தொடங்க முடிந்தது.

இரண்டாவது விடையில் பாதி உண்மை உண்டு. சென்னையில் சீன வம்சாவளிக் குடும்பங்கள் பல் மருத்துவத்தோடு அழகு நிலையங்களும் நடத்தின. பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளின் ஆங்கிலோ இந்தியப் பெண்கள் முடியைக் கத்தரித்துச் சுருட்டிக்கொள்வது நம் ஊர்க் கண்களுக்குப் பழகிய காட்சி. 1970களில் டெல்லியில் தொடங்கிய ஷானாஸ் உசேன், மூலிகை அழகுக்கலையைப் பெண்கள் படித்துச் செய்யும் தொழிலாகப் பரப்பினார். இவை எல்லாம் கைத்திறனையும் சொற்களையும் தந்தன. ஆனால் கடையின் உருவத்தை, அதாவது தெரிந்த அக்கா ஒருவர் தன் வீட்டிலேயே, குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டே நடத்தும் அந்த அமைப்பை, இவற்றில் எதுவும் தரவில்லை. 2000இல் தொடங்கிய நேச்சுரல்ஸ், அதைத் தொடர்ந்து வந்த கிரீன் டிரெண்ட்ஸ் போன்ற குளிரூட்டிய சங்கிலிக் கடைகள் புறநகருக்கு வந்தபோது, முன்னறைப் பார்லர்கள் ஏற்கெனவே அங்கே வாடிக்கையாளர்களைப் பிடித்து வைத்திருந்தன.

அந்த உருவத்துக்கான காரணத்தை இந்தப் புறநகரின் பிறப்பிலேயே தேட வேண்டும் என்பது என் வாதம். 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ், 1961இல் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், அதே காலத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் படையினருக்கு உடை தைக்கும் ஓ.சி.எஃப்.பும், 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. பதினைந்து ஆண்டுகளுக்குள் வயலும் ஏரியுமாக இருந்த நிலத்தில் வேலை பார்க்க, வட ஆர்க்காட்டிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. ஆவடியின் மத்திய அரசுக் குடியிருப்புகளுக்கும் விமானப்படைத் தளத்துக்கும் வடஇந்தியக் குடும்பங்கள் மாற்றலில் வந்தன. புருவத்தை நூலால் எடுக்கும் வழக்கம் வடக்கிலிருந்து வந்தது. இந்தப் பகுதிக்கு அது தியாகராய நகர் வழியாக மட்டும் வந்திருக்கத் தேவையில்லை, குவார்ட்டர்ஸின் பக்கத்து வீட்டு வழியாகவும் வந்திருக்கலாம் என்பது என் கணிப்பு. ஆனால் வந்த குடும்பங்கள் எதை விட்டுவிட்டு வந்தன என்பதுதான் இதைவிடப் பெரிய விஷயம். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட, சிக்கெடுத்துப் பின்னிவிட, நலங்கு வைக்க, சீமந்தத்துக்கு வளையல் அடுக்க, கல்யாணப் பெண்ணுக்குப் பூ ஜடை தைக்க ஊரில் அத்தையும் சித்தியும் நாத்தனாரும் இருந்தார்கள். வீட்டுவசதி வாரிய அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் அவர்கள் இல்லை. அந்தக் கைகள் செய்ததை, கூலிக்கு, பார்லர் அக்கா செய்யத் தொடங்கினார். மணப்பெண் அலங்காரத்தோடு செட் நகையும் வாடகைக்குத் தருவது, முதல் நாள் வீட்டுக்கே வந்து மருதாணி இடுவது என்று அவர் வேலை விரிந்த விதத்தைப் பார்த்தாலே, அவர் நிரப்பியது உறவுப் பெண்களின் இடத்தை என்பது விளங்கும். தையல் வகுப்போடு சேர்த்து நடந்த பியூட்டீஷியன் கோர்ஸும், 1989இல் தருமபுரியில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கடனும் அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்த துணைகள்.

இதில் யாரும் அதிகம் பேசாத ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. பிறர் உடலைத் தொட்டு, முடியையும் நகத்தையும் அழுக்கையும் நீக்கும் வேலை நம் ஊரில் குறிப்பிட்ட சாதிகளின் தலையில் கட்டப்பட்டது. தலித்துகளுக்கு முடி வெட்ட மறுக்கும் கடைகள் பற்றிய செய்தி இன்றும் வருகிறது. ஆனால் பார்லர் வேலையைப் பல சாதிப் பெண்களும் கற்றார்கள். பிறர் காலை மடியில் வைத்துத் தேய்த்துவிடும் பெடிக்யூரைக்கூட, சான்றிதழ் தொங்கும் சுவரின் கீழ், படித்த தொழிலாக அவர்களால் செய்ய முடிந்தது. சாதி இதனால் ஒழிந்துவிட்டதா என்று கேட்பவர்கள் சரியாகவே கேட்கிறார்கள். ஒழியவில்லை. எந்தத் தெருவில் வீடு கிடைக்கிறது என்பதைச் சாதி தீர்மானிக்கும் வரை, எந்த முன்னறையில் யார் உட்காருவார்கள் என்பதிலும் அது இருக்கும். ஆனாலும், பெயர் மட்டும் தெரிந்த ஒரு பெண்ணின் கையில் இன்னொரு பெண் கண்ணை மூடி முகத்தை ஒப்படைப்பது நம் சமூகத்தில் சிறிய காரியம் அல்ல.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. இந்த இடம் பெண்ணின் தாழ்வு மனப்பான்மையில்தானே பிழைக்கிறது? 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரை மாற்றிக்கொள்ள 2020 ஆயிற்று. பெயர் மாறியதே தவிர, ப்ளீச்சும் 'டீ-டேன்' ஃபேஷியலும் பார்லர் பலகையிலிருந்து இறங்கவில்லை. கறுப்பு நிறத்தை ஒரு குறையாக விற்கும் தொழிலை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் ஒரு கடையில் விற்கும் சரக்கும் அந்தக் கடையில் நடக்கும் வாழ்வும் ஒன்றல்ல. அமெரிக்காவில் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில், கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிவுசெய்ய எழுதப்படிக்கக் கற்றுத்தந்த முதல் குடியுரிமைப் பள்ளி 1957 ஜனவரியில் தொடங்கியது. அதன் ஆசிரியை பெர்னீஸ் ராபின்சன் ஓர் அழகுக்கலைஞர். வெள்ளையரிடம் சம்பளம் வாங்காதவர் என்பதால் அவரை வேலையை விட்டு நீக்கி மிரட்ட யாராலும் முடியாது. மக்கள் அவரிடம் மனம்விட்டுப் பேசிப் பழகியிருந்தார்கள். முடியை நேராக்கும் அலங்காரமும் அந்த அரசியலும் ஒரே பெண்களின் கையில்தான் இருந்தன. இதற்கு மறுபக்கம் காபூல். 2023 ஜூலையில் தாலிபான் அரசு ஒரு மாத அவகாசம் கொடுத்து ஆப்கானிஸ்தானின் அழகு நிலையங்களை மூட உத்தரவிட்டது. ஏறத்தாழ 12,000 கடைகள், 60,000 பெண்களின் பிழைப்பு என்று அந்நாட்டு மகளிர் வணிக அமைப்பு கணக்கிட்டது. பெண்கள் வீதிக்கு வந்தார்கள். தண்ணீரைப் பீய்ச்சியும் வானத்தில் சுட்டும் அவர்களைக் கலைத்தார்கள். பள்ளி, பூங்கா, அலுவலகம் என்று எல்லாம் அடைபட்ட பிறகு பெண்கள் கூட மிச்சமிருந்த வெகுசில இடங்களில் ஒன்று அது என்பது அந்த ஆட்சியாளர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பார்லரில் நடப்பது வெறும் வம்பு என்பது மூன்றாவது மறுப்பு. ஆண்களின் சலூனில் 'விடுதலை'யும் 'முரசொலி'யும் வாசிக்கப்பட்டதை நாம் திராவிட இயக்க வரலாற்றின் ஒரு பக்கமாக எழுதுகிறோம். தூத்துக்குடியில் தன் சலூனுக்குள் நூலகம் வைத்த பொன்.மாரியப்பனை நாடே பாராட்டியது, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பார்லரில் எந்த மருத்துவமனையில் சுகப்பிரசவத்துக்குப் பொறுமை காட்டுகிறார்கள், எந்த கார்மென்ட்ஸில் ஆள் எடுக்கிறார்கள், யார் பிடிக்கும் சீட்டில் பணம் பத்திரம், எந்த வரன் குடிப்பவன் என்று பேசப்படுவதற்கு மட்டும் வேறு பெயர் சூட்டுகிறோம். இந்தத் தகவல்கள் அச்சில் வருவதில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் இவைதான். கழுத்திலும் கையிலும் இருக்கும் காயத்தை முதலில் பார்க்கும் வெளியாளும் பார்லர் அக்காதான். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2017 முதல் அழகுக்கலைஞர்களுக்குக் குடும்ப வன்முறையை அடையாளம் காணும் பயிற்சியைச் சட்டப்படி கட்டாயமாக்கியது இந்தக் காரணத்தால்தான். தமிழ்நாட்டின் பியூட்டீஷியன் பயிற்சிகளில் இதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குவதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

இவ்வளவு இருந்தும் இந்த வரலாறு ஏன் எழுதப்படவில்லை? அரசின் தொழில் வகைப்பாட்டில் முடிதிருத்தலும் அழகுச் சேவையும் 9602 என்ற ஒரே எண்ணுக்குள் அடங்குகின்றன. பெண்கள் நடத்தும் கடை எது என்பதை அந்த எண் சொல்லாது. 2020 ஊரடங்கில் முடிதிருத்துவோர் நல வாரியத்தில் பதிவு பெற்றவர்களுக்கு அரசு 2,000 ரூபாய் அறிவித்தது. பிறகு பதிவு பெறாதவர்களுக்கும் உதவி விரிந்தது. ஆனால் வாரிய அட்டையோ தொழில் உரிமமோ இல்லாமல் முன்னறையில் நூல் பிடிக்கும் பெண் எந்தக் காகிதத்தைக் காட்டித் தன் தொழிலை நிறுவுவார்? 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த அம்பத்தூர் நகராட்சியின் பழைய பதிவேடுகளைப் புரட்டினாலும், உரிமம் வாங்காதவர்கள் அதில் இருக்கப்போவதில்லை. எனவே சான்றை வேறிடத்தில் தேட வேண்டியிருக்கிறது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிக் குடும்பங்களின் கல்யாண ஆல்பங்கள் தேதியோடு, ஸ்டூடியோ முத்திரையோடு இருக்கின்றன. 1970களின் கறுப்பு வெள்ளைப் படங்களில் மணப்பெண்ணின் புருவம் பிறந்தபடியே அடர்ந்திருக்கும். 1990களின் வண்ணப் படங்களில் அது வில்லாக வளைந்திருக்கும். ஒவ்வொரு தெருவிலும் அந்த மாற்றம் எந்த ஆண்டில் நிகழ்ந்தது என்று ஆல்பங்களை அடுக்கிப் பார்த்தால், அந்தத் தெருவுக்குப் பார்லர் வந்த காலம் தெரிந்துவிடும். முதல் பார்லரை நடத்திய பெண்களில் பலர் இன்னும் அதே வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யும் வேலையை உள்ளூர்க் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் இந்த ஆண்டே தொடங்கலாம்.