றொசல்ல: ஹட்டனுக்கு முந்திய நிறுத்தம்

கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் மலையக ரயில் பாதையில், வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவே இருக்கிறது றொசல்ல. சின்ன ரயில் நிலையம், பிரதான வீதியோரம் சில கடைகள், சுற்றிலும் தேயிலை. நானுஓயாவுக்கும் எல்லவுக்கும் சீட்டு எடுத்தவர்கள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுக் கடந்துவிடுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து கொழும்பில் ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் எனக்கு, வார விடுமுறையில் மலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது இந்த ஊர்தான். என்னைப் போல இங்கே வேலைக்கு வந்திருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

சனிக்கிழமை விடியலில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் போய்ச் சேரலாம். பஸ் என்றால் அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழி. ரயில் என்றால் நாவலப்பிட்டி வழி. நாவலப்பிட்டிக்கும் ஹட்டனுக்கும் இடையில் மட்டும் ரயில் 600 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. அந்த ஏற்றத்தின் கடைசிப் பகுதியில்தான் றொசல்ல வருகிறது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய திட்வா புயலில் மலையகப் பாதை பல இடங்களில் மண்சரிவில் சிக்கியது. ஆகவே ரயிலில் போக நினைப்பவர்கள் முதல் நாளே கோட்டை நிலையத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஹட்டன் போய் இறங்கி, கினிகத்தேனைப் பக்கம் திரும்பிவரும் பஸ்ஸில் ஏறுவதும் ஒரு வழி.

இந்தப் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்லாமல் ஊரைப் பற்றிச் சொல்ல முடியாது. இலங்கையில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று பக்கத்து வட்டவளை. ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல். சென்னையில் பெய்வதைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். தென்மேற்குப் பருவக்காற்று மே மாதம் கடலிலிருந்து வந்து முதலில் மோதுவது இந்த மேற்குச் சரிவுகளில்தான். மே முதல் செப்டம்பர் வரை குடை வெறும் ஒப்புக்குத்தான். அட்டை வேறு. தோட்டத்தில் காலுக்குச் சவுக்காரம் பூசிக்கொண்டு மலைக்கு ஏறுவார்கள். நாமும் அப்படியே செய்வது நல்லது. சனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிந்திருக்கும்.

பெய்த மழை போகும் திசையைக் கவனித்தால் இந்த ஊரின் இருப்பிடம் புரியும். வட்டவளை, றொசல்லப் பக்கத்து ஓடைகள் மகாவலியில் சேர்ந்து, தீவின் குறுக்கே நெடுந்தூரம் ஓடித் திருகோணமலைக்கு அருகே கடலில் விழுகின்றன. ஹட்டனைத் தாண்டி டிக்கோயாப் பக்கம் பெய்வது கெஹெல்கமு ஓயாவாகிக் காசல்ரீ நீர்த்தேக்கத்தை நிரப்பி, களனி கங்கையாகக் கொழும்பை நோக்கி இறங்குகிறது. கொழும்புக் குழாய்களில் வரும் தண்ணீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் களனியிலிருந்து எடுப்பது. ஒரு மலைமுதுகுக்கு இந்தப் புறம் விழுந்தால் கிழக்குக் கடல், அந்தப் புறம் விழுந்தால் மேற்குக் கடல். புவியியல் வகுப்பைப் பிள்ளைகளுக்கு இங்கே வந்து நடத்த வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

சனிக்கிழமை நமக்கு விடுமுறை. தோட்டத்தில் அது வேலை நாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் மலையேறிவிடுவார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் கை, பார்வை போகும் முன்பே அடுத்த செடிக்குப் போயிருக்கும். பிறகு கொழுந்து மடுவத்தில் நிறுவை. தராசு முள் நிற்கும் இடத்தை ஒவ்வொருத்தியும் எட்டிப் பார்க்கிறாள். மழையில் நனைந்த கொழுந்து என்றால் ஈரத்துக்கென்று கழிவு உண்டு. அந்த நாளுக்கு முழுப் பேரா, அரைப் பேரா, அதாவது முழுக் கூலியா, பாதிக் கூலியா என்பது அந்த முள்ளில் இருக்கிறது. 1,000 ரூபா நாட்கூலிக்காகவே பல ஆண்டுகள் போராடி, 2021இல்தான் அது கிடைத்தது. இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு, கேட்காமல் கேமராவை நீட்ட மனம் வராது. வரவும் கூடாது.

மடுவத்துக்கு வெளியே ஒரு முறை ஒரு பாட்டி கேட்டார்: “எந்த ஊரு சேர் நீங்க?”

“துறையூர்ப் பக்கம், பாட்டி.”

“எங்க தாத்தா முசிறின்னு சொல்லுவாரு. நான் பார்த்ததில்ல.”

துறையூரிலிருந்து முசிறிக்கு டவுன் பஸ்ஸில் போய்வந்தவன் நான். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளை இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. அவர்களின் முன்னோர் வந்து 200 ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. தமிழ்நாட்டில் பள்ளிப் பாடத்தில் நான் இதைப் படித்ததில்லை. நாற்பது நிமிடம் ஒதுக்கி நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியிருக்கலாம்.

தங்குவதற்கு ஹட்டன் போய்விடுவது வசதி. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்களால் அந்த ஊர் இரவெல்லாம் விழித்திருக்கும். ஞாயிறு காலை கடைத்தெரு, தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல், சூடாக ஒரு பிளேன்டீ. அது போதும்.

ஞாயிறு மாலை கொழும்பு பஸ்ஸில்தான் மலையகத்தின் மறுபாதி தெரியும். புடவைக் கடையிலும் சாப்பாட்டுக் கடையிலும் வேலை பார்க்கும் இளைஞர்கள், வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மடியில் அம்மா கட்டிக்கொடுத்த தேயிலைத்தூள் பொட்டலம். நான் ஓய்வுக்காக ஏறிவந்த அதே பாதையில் அவர்கள் பிழைப்புக்காக இறங்குகிறார்கள். பலருக்கு மாதத்தில் ஒரு முறை, போயா என்ற பௌர்ணமி விடுமுறையோடு சேர்ந்து லீவு கிடைத்தால்தான் வீடு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்திய நாட்களில் கொழும்பிலிருந்து ஹட்டனுக்குப் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டு போகவும் இடமிருக்காது. அந்த வாரங்களில் நாம் மலைக்குப் போக வேண்டாம். அந்த இருக்கை வீட்டுக்குப் போகிற ஒருவருக்குக் கிடைக்கட்டும்.