அறியா வினா

பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை அறுவகையாக வகுத்தனர். அவற்றுள் முன்னிற்பன இரண்டு. ஆசிரியன் தான் அறிந்த பொருளையே மாணாக்கன் அறிந்தனனோ என்று சோதித்தற்பொருட்டு வினவுவது அறிவினா. மாணாக்கன் தான் அறியாததனை அறிதற்பொருட்டு வினவுவது அறியா வினா. தருமபுர ஆதீனத் தமிழ்க் கல்லூரியில் பயின்ற நாளில் அடியேன் வினவியதெல்லாம் அறியா வினாவே. பின்னர்ப் பள்ளிகளில் 33 யாண்டு தமிழாசிரியனாயிருந்தமையால் அறிவினாவே நாவிற் பழகி, மற்றையது மறந்தொழிந்தது. அங்ஙனம் மறந்தமையை எனக்கு உணர்த்தியது ஒரு பனியன் என்றால் அன்பர்கள் நகைப்பர். ஆயினும் நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே கூறுகின்றேன்.

ஓய்வு பெற்றபின் திருப்பூரில் மகன் இல்லத்தில் உறைகின்றேன். ஈராண்டின் முன் என் வாழ்க்கைத் துணைவியார் இறைவன் திருவடி நீழல் எய்தினார். எம் இல்வாழ்க்கை நிகழ்ந்த 38 யாண்டும் எனக்கு வேண்டும் உடைகளை அவரே வாங்கிவந்தார். அவர் வாங்கிவைத்த பனியன்கள் ஒவ்வொன்றாய் நைந்தன. சென்ற ஆவணியில் எஞ்சிய ஒன்றும் தோளிற் கிழிந்தது. அதன் கழுத்துப்புறத்துச் சீட்டோ பன்முறை துவைத்து எழுத்தழிந்து கிடந்தது.

எம் இல்லத்திற்குச் சிறிது தொலைவில், புகைவண்டி நிலையத்துக்கு அணித்தாய், காதர்பேட்டை என்னும் கடைவீதி உளது. 1920களில் இந்நகரிற் கால்கொண்ட பின்னலாடைத் தொழிலின் விளைபொருள்களை ஆண்டு மலைபோற் குவித்து விற்பர். வெளியூர் வணிகர் மூட்டை மூட்டையாகக் கொண்டுபோவர். என்போல்வார் ஒன்றிரண்டும் வாங்கலாம். முதற் கடையிற் புகுந்தேன். “என்ன சைஸுங்கய்யா?” என்றார் கடைக்காரர். என் கண்ணிற் பட்ட எண் 85, அதனையே கூறினேன். இல்லத்தில் அணிய முயன்றபொழுது அது மார்பைக் கடந்து இறங்கவில்லை. மறுவாரம் வேறொரு கடையில் 100 என்றேன். அது தலையணை உறைபோல் தொங்கியது. இரண்டினையும் பெட்டியில் மறைத்துவைத்தேன்.

ஒருவரைக் கேட்டிருக்கலாகாதோ எனின், கேட்க நாணினேன். இலக்கணமும் சாத்திரமும் ஓதுவித்த யான் என் உடம்பின் அளவை அறியேன் என்று எவரிடம் சொல்வேன்? மகனிடம் கேட்பதற்கும் நா எழவில்லை. அவ்வெண்ணை அறிந்திருந்தவர் ஒருவரே. அவர் இப்பொழுது இல்லை என்பதையும் உடன் சொல்லவேண்டியிருந்தது.

மூன்றாம் முறை சென்றபொழுது ஒரு சிறு கடையின் வாயிலில் அம்மையார் ஒருவர் அமர்ந்து ஆடைகளின் நூற்பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். அருகில் ஓர் இளைஞன் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். இருவரும் என்னை அறியார். யானும் அவரை அறியேன். “அம்மா, ஒன்று கேட்டால் சொல்வீர்களா?” என்றேன். “கேட்டாச் சொல்ல மாட்டமுங்களா?” என்றார் அவர். இது வினா எதிர் வினாதல் என்னும் விடையன்றோ எனப் பழக்கத்தால் உள்ளம் எண்ணிற்று.

“இந்த 85, 90 என்பனவெல்லாம் எதன் கணக்கு?” என்று வினவினேன். நெஞ்சின் சுற்றளவைச் சென்டிமீட்டரிற் குறிப்பதென்று இளைஞன் விளக்கினான். அம்மையார் நூற்கண்டிலிருந்து ஒரு முழ நூல் போதாதென்று இரண்டு முழத்திற்கு மேலும் இழுத்துக் கொடுக்க, அவன் அதனை என் அக்குளின் கீழே மார்பைச் சுற்றிப் பிடித்து, பின் அளவுநாடாவில் வைத்துப் பார்த்தான். 88 வந்தது. “85 நாளடைவில் நெகிழ்ந்து பொருந்தாதோ?” என்றேன். “துவைச்சாச் சுருங்குமுங்க” என்றார் அம்மையார். இஃது உறுவது கூறல். “ஆயின் 100 ஆகாதோ?” என்றேன். “எங்கப்பாரு அப்படித்தான் பெருசா எடுத்தாரு, தோள்ல நிக்கவே இல்லீங்க” என்றான் இளைஞன். இஃது உற்றது உரைத்தல். “95 உண்டா?” என்றேன். “90 இருக்குதுங்க” என்றான். இஃது இனமொழி. அணிந்து பார்க்கும் இடம் யாதென வினவ, திரைச்சீலையைச் சுட்டிக் காட்டினான். அது சுட்டு. நன்னூலார் கூறிய எண்வகை விடைகளுள் ஐந்தினைக் கால்மணிப் பொழுதில் அவர்பாற் பெற்றேன். 90 செவ்வனே பொருந்தியது.

துணி ஏன் சுருங்குகின்றது என்பதனையும் கேட்டேன். பருத்தி நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னிச் சாயமேற்றி உலர்த்தும்பொழுது துணி இழுபட்டு நிற்கும் என்றும், நீரில் நனைந்ததும் அக்கண்ணிகள் தம் இயல்பான நிலைக்கு மீளும் என்றும், அதனாற் சுருக்கம் உண்டாம் என்றும் அவன் கூறினான். நாடோறும் மேனியில் அணிந்த ஒன்றன் இயல்பை அன்றே அறிந்தேன்.

புறப்படுங்கால், “வீட்டுல அம்மா இல்லீங்களா?” என்று அம்மையார் மெல்ல வினவினார். இல்லை என்றேன். அவர் வேறொன்றும் கேளாமல், அந்நூலை 88 அளவில் வெட்டி, இருமுனையிலும் முடிச்சிட்டு, “மறந்துட்டா இதை வைச்சு அளந்துக்குங்க” என்று கையிற் கொடுத்தார். அந்நூல் இன்றும் என் பெட்டியில் உளது.

அன்றிரவு அருணந்தி சிவாசாரியார் வரலாறு நினைவில் எழுந்தது. அவர் சகலாகம பண்டிதர் எனப் பெயர் பெற்றவர்; ஆண்டினால் மிக மூத்தவர். திருவெண்ணெய்நல்லூரில் இளம் பருவத்தினராய மெய்கண்டார் ஆணவ மலத்தின் இயல்பை உரைத்துக்கொண்டிருந்தபொழுது, ஆணவத்தின் சொரூபம் யாதென்று இவர் வினவினர் என்பதும், அவர் வாய்திறவாது இவரையே சுட்டிக் காட்டினர் என்பதும் நம் மரபு. வினவியபொழுது அஃது அறிவினா. சுட்டியபின் அதுவே அறியா வினாவாயிற்று. அதன்பின்னரே பண்டிதர் மாணாக்கராயினார். இருபா இருபஃது என்னும் நூலில் தம் ஆசிரியரை வினவி நிற்கின்றார். இச்சரிதத்தைப் பலகாலும் மாணாக்கர்க்கு எடுத்துக் கூறியவன் யான். அச்சுட்டுவிரல் என்னையும் சுட்டியதென்று பெட்டியில் மறைத்துவைத்த இரண்டு பனியன்களைக் கண்டே உணர்ந்தேன்.

அண்மைக் காலத்தும் இதற்குச் சான்று உண்டு. திருவாவடுதுறையிற் பயின்ற உ. வே. சாமிநாதையரைச் சேலம் இராமசாமி முதலியார் 1880ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணி கற்றதுண்டோ என வினவ, ஐயர் இல்லை என்றே விடையிறுத்தார். பின்னர்ச் சைன சமயச் செய்திகள் விளங்காதவிடத்துக் கும்பகோணத்துச் சைனர் இல்லங்களை நாடிச் சென்று கேட்டுத் தெளிந்தார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. சைவ மடத்திற் பயின்ற புலவர் பிற சமயத்தார் வாயிலில் நின்று வினவ நாணியிருப்பின் அப்பதிப்பு அங்ஙனம் தெளிவுற வந்திராது.

இக்கால இளைஞர் துணியிற் பட்ட கறையைப் போக்குவது முதலாய சிறு ஐயங்களையும் கைப்பேசி வாயிலாக முகமறியாதாரை வினவுகின்றனர். “ஊரும் பேரும் அறியாதவரை நம்பலாமோ?” என்று பேரனைக் கடிந்ததுண்டு. இப்பொழுது கடியேன். கேட்டதை ஆராய்ந்து கொள்க என்பது மட்டும் சொல்வேன். அம்மையார் சொல்லிய அளவையும் யான் அணிந்து பார்த்தே கொண்டேன். அறிந்தாரிடத்து நமக்கொரு பெருமை உளது. அதனைக் காத்தற்பொருட்டு வாய் அடைபடுகின்றது. அறியாதாரிடத்து அது முதலிலேயே இல்லை. ஆதலின் வினா எளிதிற் பிறக்கின்றது. அவரும் கைம்மாறு கருதாமலே விடை தருகின்றனர்.

சென்ற ஞாயிறு, எம் திருமுறை வகுப்பில் ஒரு சிறுவன் ஒரு சொற்குப் பொருள் கேட்டான். முன்னாளாயின் ஏதேனும் ஒன்று கூறி அமைந்திருப்பேன். “அறியேன், கேட்டுச் சொல்வேன்” என்றேன்.

திருச்சிற்றம்பலம்.