ஆக்சிமீட்டர்ல 99. ஆனாலும் தூக்கம் வரல

1/ கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. கொரோனா காலத்துல ஆஸ்பத்திரில வேலை பார்த்தவங்களோட பயத்தைப் பத்தி. நான் புதுச்சேரியில் டாக்டர். இதை 2020லயே எழுதியிருக்கணும். அப்போ வெளியில சொல்ல வெட்கமா இருந்தது.

2/ 2020 மார்ச் 22, ஞாயிறு சாயங்காலம் 5 மணிக்கு நமக்காகக் கைதட்டினாங்க, ஞாபகம் இருக்கா? எங்க தெருவுல தட்டும் கரண்டியுமா ஒரே சத்தம். அடுத்த சில நாள்ல எங்க வார்டு நர்ஸ் ஒருத்தரை ஹவுஸ் ஓனர் கூப்பிட்டு, "இந்த மாச வாடகை கூட வேணாம்மா, காலி பண்ணிடு"ன்னார்.

3/ ஏப்ரல் 19, சென்னையில் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் சைமன் ஹெர்குலஸ் கொரோனாவால் இறந்தார். அடக்கம் செய்யப் போன ஆம்புலன்ஸை ஒரு கும்பல் தாக்கியது. கடைசியில் கூட இருந்த டாக்டர் ஒருத்தரே மண்ணை அள்ளிப் போட்டு குழியை மூட வேண்டியதாச்சு.

4/ ஏப்ரல் 22ல் அவசரச் சட்டம் வந்தது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் ஜாமீனில் வர முடியாத குற்றம். நல்ல விஷயம்தான். ஆனா எங்க வார்டுல அந்தச் சம்பவத்தைப் பத்தி ஒருத்தர் கூட வாய் திறக்கல. எல்லார் போன்லயும் அந்த வீடியோ இருந்தது.

5/ என் கதை இது. டியூட்டி முடிஞ்சு வர்றப்போ பீச் ரோட்டுல காந்தி சிலை பக்கம் ஈ காக்கா இருக்காது. வீட்டுக்குப் பின்பக்கம் குளிச்சிட்டு மாடி ரூமுக்குப் போயிடுவேன். அம்மாவுக்கு சுகர். சாப்பாட்டைப் படியில வச்சிட்டு, கீழ நின்னே "சாப்பிடுப்பா"ன்னு குரல் கொடுப்பாங்க.

6/ ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு அடைக்கும். ஆக்சிமீட்டர் 99 காட்டும். அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி போடுவேன், மறுபடி 99.

பயம் வந்தா அட்ரினலின் சுரக்கும், மூச்சு வேகமாகும், ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறையும். விரல் மரத்துப்போகும், நெஞ்சு இறுகும். அப்படியே கொரோனா மாதிரி இருக்கும். ஒவ்வொரு தடவை செக் பண்றப்பவும் கொஞ்ச நேரம் நிம்மதி, அப்புறம் மனசு மறுபடி செக் பண்ணச் சொல்லும். நோயாளிக்கு இதை விளக்கின எனக்கே, எனக்கு வந்தப்போ புரியல.

7/ வார்டுல துப்புரவு வேலை பார்த்த அக்கா ஒருத்தர். கையெல்லாம் வெடிச்சு ரத்தம். "என்னக்கா இது?"ன்னேன்.

"வீட்ல பேத்தி இருக்கா சார். எவ்ளோ கழுவினாலும் போகாத மாதிரியே இருக்கு. உங்களுக்குப் பயமா இல்லையா சார்?"

"இருக்குக்கா."

அந்த வார்த்தையை அன்னைக்குத்தான் முதல் தடவையா சொன்னேன். அன்னிக்கு ராத்திரி ஆக்சிமீட்டரை ரெண்டு தடவைதான் எடுத்தேன்.

8/ ஜூன் மாசம் நம்ம ஊர்லயே, கவச உடை போட்ட ஊழியர்கள் ஒரு சடலத்தைக் குழிக்குள்ள தள்ளிவிட்ட வீடியோ நாடு முழுக்கப் பரவியது. அது பெரிய தப்பு, நியாயப்படுத்த மாட்டேன். ஆனா அந்த அவசரம் எனக்குப் புதுசில்லை. சொல்ல முடியாத பயம், வெளியில இருந்து பார்த்தா ஈரமில்லாத மனசு மாதிரி தெரியும்.

9/ வீட்டைக் காலி பண்ண அந்த நர்ஸ் வேலையையும் விட்டுட்டு ஊருக்குப் போயிட்டாங்க. பக்கத்துலயே நின்னு வேலை பார்த்தேன். "பயமா இருக்கா சிஸ்டர்?"னு ஒரு தடவை கூட நான் கேட்கல. இன்னைக்கும் உறுத்துது.

10/ உங்க வீட்லயோ தெருவுலயோ ஆஸ்பத்திரி வேலைக்குப் போறவங்க இருந்தா, ஹீரோன்னு சொல்லாதீங்க. ஹீரோவால பயத்தைச் சொல்ல முடியாது. "தூங்குனியா? சாப்டியா? பயமா இருக்கா?"ன்னு கேளுங்க.

தூக்கமே இல்லாம நாள் போகுதுன்னா 14416. டெலி மனஸ், கட்டணம் கிடையாது, தமிழ்லயே பேசலாம். 2020ல எங்களுக்கு இது இல்ல, 2022 அக்டோபர்லதான் வந்தது. நம்பரை சேவ் பண்ணி வச்சுக்கோங்க.