கீழ்பென்னாத்தூர் திண்ணையில் மூன்று பூசணிக்காய்கள்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், அரை மணி சொச்சத்தில் கீழ்பென்னாத்தூர் வந்துவிடும். வழியெல்லாம் வேர்க்கடலைக் காடும் நெல் வயலும், நடுநடுவே யாரோ குவித்து வைத்தாற்போலப் பாறைகளும். திரும்பிப் பார்த்தால் அண்ணாமலை கூடவே வருவது போல இருக்கும். இன்று இது தாலுகா தலைநகர். சட்டமன்றத் தொகுதிக்கும் ஊர்ப் பெயர்தான். ஆனாலும் எனக்கு அது பிறந்த வீடு இருக்கிற ஊர். ஆயுத பூசைக்கு முதல் நாள் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை. பொரி மூட்டை, வாழைக்கன்று, செவ்வந்திப் பூ, எங்கே பார்த்தாலும் சாம்பல் பூத்த வெள்ளைப் பூசணிக்காய்கள்! வீட்டுக்குப் போனால் திண்ணையிலும் மூன்று உட்கார்ந்திருந்தன. இரண்டு வெள்ளை, ஒன்று மஞ்சள்.

“வா கண்ணு! பஸ்ஸுல கூட்டமா?” என்று அண்ணி தண்ணீர்ச் சொம்புடன் வந்தார்.

“கூட்டம் இருக்கட்டும் அண்ணி. டிராக்டருக்கு ஒரு காய் போதுமே, எதுக்கு மூணு?”

“ஒண்ணு உடைக்க, ஒண்ணு கட்ட, ஒண்ணு விளக்கு வைக்க. கை கால் கழுவிக்கிட்டு வா, உனக்கும் வேலை இருக்கு.”

கட்டுகிற காயிலிருந்து ஆரம்பித்தோம். புது வீட்டு வாசலில் கொட்டைக் கண்ணும் முறுக்கு மீசையுமாகத் தொங்குமே, அந்தத் திருஷ்டிப் பூசணி. இப்போது கடையில் எழுதியே விற்கிறார்கள். அண்ணி மட்டும் இன்னும் தன் கையால்தான் எழுதுகிறார். நான் நல்ல பிள்ளையாக ஈரத் துணியை எடுத்துக் காய் முழுவதையும் துடைக்கப் போனேன்.

“ஐயையோ, முழுசும் துடைக்காதே! மூஞ்சி எழுதுற இடம் மட்டும் போதும். அந்தச் சாம்பல்தான் அதுக்குச் சட்டை.”

உண்மைதான். வெள்ளைப் பூசணியின் மேல் படிந்திருக்கும் சாம்பல் ஒரு மெழுகுப் பூச்சு. தோலுக்குள் ஈரமும் பூச்சியும் எளிதில் புகாமல் காப்பது அதுதான். அதனால்தான் நன்றாக முற்றிய, கீறல் இல்லாத காய் மாதக் கணக்கில் கெடாமல் இருக்கிறது. வாசலில் தொங்கவிட நம் பெரியவர்கள் இதைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை! வாங்கும்போது தட்டிப் பாருங்கள். கனமாக இருக்க வேண்டும், காம்பு ஒட்டியே இருக்க வேண்டும். காம்பு உதிர்ந்த காய் அந்த இடத்திலிருந்துதான் அழுக ஆரம்பிக்கும்.

வர்ணத்துக்கு அண்ணி கடைக்கே போவதில்லை. வெள்ளைக்குச் சுண்ணாம்பு. கறுப்புக்கு அடுப்புக்கரியை நைசாக அரைத்துச் சோற்றுக் கஞ்சியில் குழைத்துக் கொள்கிறார். கஞ்சி சேர்ந்தால்தான் வழுவழுப்பான தோலில் பிடிக்குமாம். சிவப்புக்கு மஞ்சளும் சுண்ணாம்பும், ஆரத்தி கரைக்கிறோமே அதே சேர்மானம்தான், கொஞ்சம் கெட்டியாக. முதலில் வெள்ளையில் கண் வட்டம். அது காய்ந்த பிறகு கறுப்பு விழி, மீசை. கடைசியில் நாக்கு. அவசரப்பட்டு ஈரத்தின் மேல் எழுதினால் மீசை கன்னத்தில் வழிந்து, பயமுறுத்த வேண்டியவர் அழுகிறாற்போல ஆகிவிடுவார். என் காய்க்கு அந்தக் கதிதான்! துடைத்து மறுபடி எழுதினோம்.

தேங்காய் நார்க் கயிற்றில் உறி போலப் பின்னி அதில் உட்கார வைத்துக் கட்டினோம். கட்டியதோடு மறந்துவிடக் கூடாது. வாரம் ஒரு தரம் அடிப்பக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று இருந்தால் உடனே இறக்கிவிட வேண்டும். நாலைந்து கிலோ காய் யார் தலையில் விழுந்தாலும் விபரீதம்தான்.

சாயங்காலம் அமெரிக்காவிலிருந்து பேத்தி போனில் வந்தாள். அண்ணியின் மூத்த பெண் அங்கே குடித்தனம். பேத்திக்கு ஏழு வயது. அவர்கள் வீட்டுப் படியிலும் ஆரஞ்சு நிறத்தில் குண்டாக ஒரு காய்! அக்டோபர் 31ஆம் தேதி இரவு அங்கே ஹாலோவீன். காயைக் குடைந்து, கண் மூக்கு வாய் வெட்டி, உள்ளே விளக்கு வைப்பார்கள். பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கி வருவார்கள்.

“ஆயா, உன் பூசணிக்கு ஏன் வெட்டாம வரைஞ்சிருக்கே?”

“வெட்டினா ரெண்டு நாள்ல அழுகிடும் கண்ணு. வரைஞ்சா பொங்கல் வரைக்கும் நிக்கும்!”

அந்த வழக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் அறுவடை முடிந்து குளிர் தொடங்கும் நேரத்தில் அப்படி ஒரு இரவு கொண்டாடினார்கள். அந்த நாளில் இறந்தவர்களின் ஆவி உலவும் என்று நம்பிக்கை. டர்னிப் கிழங்கைக் குடைந்து கோர முகம் வெட்டி விளக்கு வைத்தார்கள். 1840களின் பஞ்சத்தில் அயர்லாந்திலிருந்து லட்சக்கணக்கானவர்கள் அமெரிக்கா போனார்கள். அங்கே கிழங்கைவிடப் பெரியதாக, குடைவதற்கு வசதியாகப் பரங்கிக்காய் கிடைத்தது. அதற்கடுத்த நாள் நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குப் புனிதர்கள் திருநாள். மறுநாள் 2ஆம் தேதி, நம் ஊர்களிலும் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்லறைக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டு போகிற கல்லறைத் திருநாள்.

இன்னொரு வேடிக்கை. மஞ்சள் பூசணி நம் ஊர்க் காயே இல்லை! அதன் தாய்வீடு அமெரிக்கக் கண்டம். கப்பலேறி இங்கே வந்ததால்தான் ‘பரங்கி’ என்று பெயர் வாங்கிக்கொண்டது. பொங்கல் கூட்டில் அதை விட்டால் ருசிக்குமா? வெள்ளைப் பூசணிதான் நம் ஆசியாக்காரர்.

விளக்குக்கு வைத்திருந்தது அந்த மஞ்சள் காய். அண்ணி முகம் வெட்டவில்லை, கோலம் போட்டார்! என்ன, ஆச்சரியமாக இருக்கிறதா? காம்போடு மேல் மூடியைக் கத்தியைச் சாய்த்துப் பிடித்து வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் மூடி உள்ளே விழுந்துவிடும். விதையை வழித்து எடுத்துவிட்டு, சதையைக் கரண்டியால் சுரண்டினோம். நம் ஊர்க் காயில் சதை அதிகம், ஓடு கட்டைவிரல் கனத்துக்கு வரும்வரை சுரண்ட வேண்டும். கை கடுத்துவிட்டது. பிறகு வெளியே கரித்துண்டால் ஏழு புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் நீள ஆணியால் துளை. உள்ளே ஒரு சின்ன அகல். புகை போக மூடியிலும் இரண்டு துளை. ஏற்றியதும் புள்ளி புள்ளியாகத் திண்ணைச் சுவரில் வெளிச்சம் விழுந்தது பாருங்கள், தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

“இது ஒத்திகைதான். கார்த்திகை தீபத்தன்னைக்கு இன்னொண்ணு செய்வேன். காத்து மழையில அகல் அணைஞ்சு அணைஞ்சு போவுதில்ல? இதுக்குள்ள நின்னு எரியும்” என்றார் அண்ணி. கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் ஏறியதும், இங்கிருந்து பார்த்து அரோகரா சொல்லி வீட்டு விளக்கை ஏற்றுவது வழக்கம்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கத்தியும் ஆணியும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும். பிள்ளைகளுக்குப் புள்ளி வைக்கும் வேலை போதும். எரியும் விளக்கருகே பாவாடை, தாவணியோடு விடாதீர்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் பாட்டரி விளக்கே நல்லது.

சுரண்டிய சதை மறுநாள் அடைக்குப் போயிற்று. மஞ்சள் பூசணியில் கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ தரும் சத்து நிறைய. விதையைக் கழுவி நிழலில் காயவைத்து, உப்புத் தண்ணீர் தெளித்து வறுத்தால் பிள்ளைகளுக்குக் கொறிக்க ஆயிற்று. ஒன்று மட்டும் கவனம்: காய் கசந்தால் ஒரு வாய் கூட வேண்டாம், கொட்டிவிடுங்கள். அந்தக் கசப்பு வயிற்றுக்கு ஆகாது.

வேலியில் படர்ந்திருந்த பரங்கிக் கொடியில் பூ கண்டிருந்தது. சிறுமியாக இருந்தபோது, மார்கழியில் சாண உருண்டையில் செருக பூப்பறிக்கப் போய் அம்மாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். பூவின் அடியில் குட்டிக் காய் இருந்தால் அது பெண் பூ, அதைத் தொடக் கூடாது. நீளக் காம்போடு வெறுமே நிற்கிற ஆண் பூவைத்தான் பறிக்க வேண்டும், அதிலும் நாலைந்தை மகரந்தத்துக்கு விட்டுவைக்க வேண்டும். இந்தக் கணக்குத் தெரியாமல் கோலத்துக்குப் பறித்தால் தைக்குக் காய் ஏது?

மூன்றாவது காயைப் பற்றிச் சொல்லவில்லையே. அதைத்தான் சொல்லத் தயக்கமாக இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு ஆயுத பூசை இரவு. அண்ணன் மகன் செஞ்சி ரோட்டில் பைக்கில் வந்துகொண்டிருந்தான். முச்சந்தியில் உடைத்துப் போட்ட பூசணிச் சதையில் சக்கரம் வழுக்கியது. காறை எலும்பும் மணிக்கட்டும் முறிந்தன. போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு எழுதித் தேறியிருந்தான். அடுத்த மாதம் உடல் தகுதித் தேர்வு. போக முடியவில்லை. அடுத்த முறைக்கு வயது தாண்டிவிட்டது. இப்போது அப்பாவோடு டிராக்டர் ஓட்டுகிறான்.

“எவன் உடைச்சுப் போட்டானோன்னு ஊரே திட்டிச்சு” என்றார் அண்ணி, குரல் இறங்கி. “உங்க அண்ணன் மட்டும் வாயைத் திறக்கலை. அன்னைக்குச் சாயந்திரம் நம்ம டிராக்டருக்குச் சுத்தின காயையும் அதே முச்சந்தியிலதான் உடைச்சாரு. நம்ம காயாவே இருந்திருக்கலாம்னு இன்னிக்கும் அவருக்கு மனசுல இருக்கு.”

ஆண்டுதோறும் போலீஸார் சாலையில் பூசணிக்காய் உடைக்காதீர்கள் என்று வேண்டிக் கேட்கத்தான் செய்கிறார்கள். நாம்தான் கேட்பதில்லை.

மறுநாள் பூசை முடிந்தது. அண்ணன் காயில் துளையிட்டு, குங்குமமும் சில்லறையும் போட்டு, மேலே கற்பூரம் ஏற்றி, டிராக்டரை மூன்று சுற்றுச் சுற்றினார். ஆனால் தெருவுக்குப் போகவில்லை. தோட்டத்தில் முருங்கை மரத்தடியில் கோணிச் சாக்கை விரித்து அதன் மேல் போட்டு உடைத்தார். பிள்ளைகள் சில்லறையைப் பொறுக்கிக்கொண்டார்கள்; மற்றதைச் சாக்கோடு தூக்கி எருக்குழியில் கொட்டினார்.

ராத்திரி எட்டு மணிக்குமேல் அண்ணன் மகன் கட்டை விளக்குமாறும் மண்வெட்டியும் பழைய பக்கெட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். மூன்று வருஷமாக இதுதான் வழக்கமாம். முச்சந்தியிலிருந்து பஸ் நிற்கிற இடம் வரை ரோட்டில் கிடப்பதையெல்லாம் ஓரமாக வழித்து அள்ளிவிட்டு, மேலே மண்ணைத் தூவிவிட்டு வருவானாம்.

“அத்தை, நீங்க எதுக்கு? இருட்டா இருக்கு.”

“இருட்டா இருக்குன்னுதான்டா வரேன்” என்று டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு நானும் கூட நடந்தேன்.