உலக்கையும் பலாச்சுளை அடையும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

உணவு அறையில் நாம் தினமும் செபம் சொல்லிவிட்டுத்தான் தட்டில் கை வைக்கிறோம். உணவைத் தந்த இறைவனுக்கும், அதை ஆக்கிய கைகளுக்கும் நன்றி கூறுகிறோம். அந்தக் கைகள் எவை, அவை என்ன பாடுபட்டன என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? சென்ற கோடை விடுமுறையில் என் ஆயாவுடன் சேர்ந்து அடை சுட்ட ஒரு நாள், அந்தக் கேள்வியை என் மனத்தில் ஆழமாகப் பதித்துவிட்டது. அதனையே இங்கு எழுத விரும்புகிறேன்.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அருகே உள்ள ஒரு சிற்றூர். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இம்மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜவ்வாது மலை என்றதும் விடுதித் தோழியர் காவலூர் வானாய்வு நிலையத்தைத்தான் கேட்பார்கள். 2.34 மீட்டர் விட்டமுடைய தொலைநோக்கி அங்கே இருக்கிறது. 1986-ஆம் ஆண்டு அதற்கு விஞ்ஞானி வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. கோடானுகோடி மைல்களுக்கு அப்பால் உள்ள விண்மீன்களைக் காண மலை ஏறி வருகிறவர்களில் பலர், சாலை ஓரத்துச் சாமைக் கொல்லையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் மலையின் பழைய உணவு அந்தச் சாமைதான். மழையை நம்பி விதைத்து, மூன்று நான்கு மாதங்களில் அறுத்து, உமியோடு சேர்த்து வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும்.

இனி அடைக் கதைக்கு வருகிறேன். சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை எங்கள் விடுதியில் மாலைச் சிற்றுண்டியாகப் பான்கேக் தந்தார்கள். மைதா, முட்டை, பால், சர்க்கரை சேர்த்துச் செய்த மெத்தென்ற வட்டம் அது. மேலே வாழைப்பழத் துண்டுகள். ஏன் இந்த நாளில் இந்தப் பண்டம் என்று நாங்கள் கேட்டோம். முற்காலத்தில் தவக்காலம் முழுவதும் கிறிஸ்தவர்கள் இறைச்சியோடு முட்டை, பால், வெண்ணெய் ஆகியவற்றையும் விலக்கினார்கள் என்றும், வீட்டில் மீந்திருந்தவை வீணாகாமல் இருக்க நோன்புக்கு முந்தைய நாளே அவற்றைக் கலந்து சுட்டு உண்டார்கள் என்றும் விடுதிச் சிஸ்டர் விளக்கினார்கள். இங்கிலாந்தில் ஆல்னி என்னும் ஊரில் அன்றைக்குப் பெண்கள் வாணலியில் பான்கேக்கை ஏந்திக்கொண்டு ஓட்டப்பந்தயம் ஓடுகிறார்களாம். அது 1445-இல் தொடங்கியது என்பது அவ்வூர் வழக்கு. பிரான்சு நாட்டில் பிப்ரவரி 2-ஆம் நாள், ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாளில், மெல்லிய பான்கேக் சுடுவார்களாம்.

இவற்றைக் கேட்டபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. பின்னர் நூலகத்தில் இன்னொரு செய்தியைப் படித்தேன். எத்தியோப்பியாவில் டெஃப் என்ற தானியம் விளைகிறது. கடுகைக் காட்டிலும் சிறியது. அதை அரைத்து, சில நாள் புளிக்க வைத்து, பெரிய வட்டத் தட்டில் ஊற்றி 'இன்ஜெரா' செய்கிறார்கள். அந்நாட்டு மக்களின் அன்றாட உணவே அதுதான். அவ்வளவு சிறிய தானியத்தில் அது முடியுமானால் நம் சாமையில் ஏன் முடியாது என்று எனக்குத் தோன்றியது.

மே மாதம் வீட்டுக்குப் போனதும் ஆயாவிடம் கேட்டேன்.

"இன்னா கண்ணு அது, பான்கேக்கு?" என்றார்கள்.

"தோசை மாதிரிதான் ஆயா. கொஞ்சம் தடிமனா, இனிப்பா இருக்கும். பழம் போடுவாங்க, கொட்டை போடுவாங்க."

"அடைன்னு சொல்லு. அதுக்கு எதுக்கு இம்மாம் பெரிய பேரு?" என்று சிரித்தார்கள்.

சாமையில் கோதுமையைப் போன்ற பசைத்தன்மை இல்லை. ஆகையால் வெறும் சாமை மாவைக் கரைத்து ஊற்றினால் திருப்பும்போது உடைந்துவிடும். கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதமே மாவை இழுத்துப் பிடிக்கிறது என்று நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆயா அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அதற்கு மாற்றை நன்கு அறிந்திருந்தார்கள். உளுந்தும் கனிந்த வாழைப்பழமும் சேர்த்தால் மாவு கூடி நிற்கும் என்றார்கள்.

செய்முறையை எழுதுகிறேன். தாய்மார்கள் வீட்டில் செய்து பார்க்கலாம். இரண்டு ஆழாக்கு சாமை அரிசியும் இரண்டு கைப்பிடி உளுந்தும் எடுத்து, கல் மண் போகக் களைந்து, நான்கு மணி நேரம் ஊற வைக்க வேண்டும். நைசாக அரைத்து, சிட்டிகை உப்புச் சேர்த்து, இரவு முழுவதும் மூடி வைக்க வேண்டும். காலையில் மாவு பொங்கியிருக்கும். அரை ஆழாக்கு வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டி, ஆறிய பின் ஊற்ற வேண்டும். நன்கு கனிந்த இரண்டு வாழைப்பழங்களை மசித்தும், பத்துப் பலாச்சுளைகளைப் பொடியாக நறுக்கியும் சேர்க்க வேண்டும். அரை ஆழாக்கு வேர்க்கடலையை வறுத்து, தோல் நீக்கி, ஒன்றிரண்டாக இடித்துப் போட வேண்டும். இரண்டு ஏலக்காய் தட்டிப் போட்டால் மணம் கூடும். முந்திரி விலை கூடுதல். வேர்க்கடலையே போதும். மாவு தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்கட்டும்.

தோசைக்கல்லில் எண்ணெய் தடவி, உள்ளங்கை அகலத்துக்கு ஊற்றி மூடிவிட வேண்டும். தணல் மெதுவாக இருப்பது அவசியம். வெல்லமும் பழமும் இருப்பதால் தீ அதிகமானால் அடிப்புறம் கருகி, உள்ளே பச்சையாக நின்றுவிடும். மேலே சிறு குமிழ்கள் தோன்றி வெடித்து, ஓரம் உலர்ந்ததும் திருப்பலாம். எங்கள் பக்கம் கோடையில் மலைத்தேன் கிடைக்கும். சுடச்சுட அடையின் மேல் ஒரு கரண்டி தேன் ஊற்றித் தம்பி தின்றதைப் பார்க்க வேண்டுமே! ஐந்து அடை தின்றுவிட்டு, "விடுதியில தர்றதைவிட இது நல்லா இருக்கா அக்கா?" என்று கேட்டான். "இதுதான்டா நல்லா இருக்கு" என்றேன். கடலை பல்லில் கடிபட, பலாவின் மணம் மூக்கில் ஏற, நானும் அவனுக்கு இளைத்தவளாக இருக்கவில்லை.

நான் ஆயாவிடம், "இவ்வளவு ருசியா இருக்கே, நாம ஏன் தினமும் சாமை ஆக்கறதில்லை?" என்று கேட்டேன். ஊரில் நடந்த ஒரு விழாவில், முன்னோர்கள் சாமை உண்டு வலிமையாக வாழ்ந்தார்கள், இக்காலத்தவர் சோம்பலால் அதைக் கைவிட்டார்கள் என்று ஒருவர் பேசியதையும் சொன்னேன்.

ஆயா பதில் சொல்லாமல் வீட்டின் பின்புறம் அழைத்துப் போனார்கள். அங்கே கல் உரல் ஒன்று பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. "அவர் ஒரு நாளு இதுல குத்தியிருப்பாரா கண்ணு?" என்றார்கள்.

பிறகுதான் அந்தக் கதையைக் கேட்டேன். சாமை மணி மிகச் சிறியது, அதன் உமியோ கடினமானது. ஆயாவுக்குப் பத்து வயதிலேயே உலக்கை கைக்கு வந்துவிட்டது. கோழி கூவும் நேரத்தில் எழுந்து, தாயும் மகளுமாக மாறி மாறிக் குத்த வேண்டும். குத்திப் புடைத்து, மறுபடி குத்திப் புடைத்து, அளவொத்த கற்களைப் பொறுக்கி எடுத்து, அதன் பிறகே உலை வைக்க முடியும். உமி நீக்கிய சாமை சில வாரங்களில் சிக்கல் வாடை அடிக்கும். ஆகவே ஒரே நாளில் மொத்தமாகக் குத்தி வைக்கவும் வழியில்லை. பள்ளி மணி அடிக்கும்போது ஆயாவின் கையில் உலக்கை இருந்தது. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. அன்று அவர்கள் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தேன். எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகும் காய்ப்பு மறையவில்லை.

ரேஷன் அரிசி வந்தபோது எங்கள் ஊர்ப் பெண்கள் ஏன் மகிழ்ந்தார்கள் என்பது எனக்கு அப்போது விளங்கியது. தமிழ்நாட்டில் 2011 முதல் அந்த அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பையைப் பிரித்துக் கழுவி உலையில் போட்டால் போதும். தோழியரே, உலக்கை பிடிக்க வேண்டிய வயதில் என் கையில் பேனா இருப்பதற்கு அந்த அரிசியும் ஒரு காரணம். அதை நான் எப்படிப் பழிப்பேன்?

ஆயினும் சாமையை இழப்பது நமக்கு நட்டமே. தீட்டிய வெள்ளை அரிசியைவிட அதில் நார்ச்சத்து அதிகம். குறைந்த மழையிலும், மேட்டு நிலத்திலும் விளைந்து தரும். இந்தியா முன்வைத்த கருத்தை ஏற்று ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அவ்வாண்டில் நம் பள்ளிகளிலும் சுவரொட்டிகள் வரைந்தோம். அவற்றில் கதிரை வரைந்தோம், கஞ்சிக் கலயத்தை வரைந்தோம். உரலை யாரும் வரையவில்லை.

இப்போது உமி நீக்கும் இயந்திரங்கள் வந்திருக்கின்றன. நாங்கள் அடைக்கு எடுத்த சாமை அரிசியும் ஆலையில் தீட்டியதுதான். சித்தி மூட்டையைப் பேருந்தில் ஏற்றிப்போய்த் தீட்டி வந்தார்கள். நெல் ஆலை இதற்குப் பொருந்தாது, மணி சிறியதாகையால் தனி இயந்திரம் வேண்டும். தீட்டியது நெடுநாள் நிற்காது என்பதால் அந்த இயந்திரம் வீட்டுக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு மலைச் சிற்றூரிலும் ஒன்று வந்துவிட்டால், ஒரு பெண்ணின் தோளும் வலிக்காமல், ஒரு சிறுமியின் படிப்பும் நிற்காமல், சாமை மீண்டும் எங்கள் அடுப்புக்கு வரும்.

எனவே, பழைய உணவுக்குத் திரும்புவோம் என்று மேடையில் பேசும் பெரியோர்களை நான் பணிவுடன் கேட்டுக்கொள்வது இதுதான்: உலக்கையை யார் பிடிப்பது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். என் தோழியரே, உங்களுள் சிலர் நாளை பொறியியல் படிக்கப் போகிறீர்கள். மலைப்பாதையில் தூக்கிச் செல்லக்கூடிய, குறைந்த மின்சாரத்தில் ஓடக்கூடிய, பழுதானால் எங்கள் ஊர்ப் பெண்களே சரிசெய்யக்கூடிய ஒரு சிறிய இயந்திரத்தை உருவாக்குங்கள். அதைச் செய்து முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். பலாப்பழக் காலமாகப் பார்த்து வாருங்கள். ஆயா அடை சுட்டுத் தருவார்கள்.