கிளட்ச் இல்லாத கார்

எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் நிற்கும் வண்டியைப் பற்றி "டேய், அது பொம்மை காரா?" என்று பாதி வகுப்பு கேட்டாகிவிட்டது. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி முடியலை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அது ரேவா. சேத்தன் மைனி என்பவர் தொடங்கிய கம்பெனி பெங்களூரில் செய்து, 2001-ல் விற்பனைக்கு விட்ட மின்சாரக் கார். லண்டனில் 'ஜீ-விஸ்' என்ற பெயரில் ஓடியது. 2010-ல் அந்தக் கம்பெனியை மகேந்திரா வாங்கியது. நம்ம ஊர் பக்கத்திலேயே மகேந்திரா சிட்டி இருந்தாலும் இது அங்கே செய்த வண்டி இல்லை. எங்களுடையது 2004 மாடல், என்னைவிட மூத்தது. ஓசூரில் ஒரு மரத்தடியில் பல வருஷம் கிடந்ததை, பழைய மொபெட் விலைக்கு வாங்கி, குட்டி யானையில் ஏற்றி வந்தார் என் தாய்மாமா. அவர் எலக்ட்ரீஷியன்.

அப்பா லோடு வேன் ஓட்டியவர். விபத்துக்குப் பிறகு இடது காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். கிளட்ச் மிதிக்க முடியாது. இரண்டு வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கவில்லை. ரேவாவில் பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் மட்டும்தான். முன்னால் போக, பின்னால் வர ஒரு குமிழைத் திருப்பினால் போதும். மாமா இதை வாங்கியதே அதற்காகத்தான்.

ஆனால் வண்டி இருந்த நிலை! எலி ஒயரைக் கடித்திருந்தது. அடிச்சட்டம் துருப்பிடித்திருந்தது. சீட்டுக்கு அடியில் ஆறு வோல்ட் பேட்டரி எட்டு. மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் ஒன்றுகூட இரண்டு வோல்ட்டைத் தாண்டவில்லை. ஈய பேட்டரியைச் சார்ஜ் செய்யாமல் போட்டுவிட்டால் தகட்டின் மேல் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். அப்புறம் எழுப்பவே முடியாது. ஒவ்வொன்றும் முப்பது கிலோவுக்கு மேல். எட்டும் காயலான் கடைக்குப் போயின.

அதே பேட்டரி புதிதாக வாங்க எங்களிடம் பணம் இல்லை. இ-ரிக்‌ஷாவில் போடும் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி நாலு வாங்கினோம். எட்டாறு நாற்பத்தெட்டு, நாலு பன்னிரண்டும் நாற்பத்தெட்டு! தூரம் குறையும். கம்பெனி சொன்ன 80 கிலோமீட்டர் வராது. அப்பாவுக்கு மார்க்கெட் வரை போய் வந்தால் போதும்.

பேட்டரியைத் தொடும்முன் மாமா தன் மோதிரத்தைக் கழற்றினார், ஸ்பேனருக்கெல்லாம் டேப் சுற்றச் சொன்னார். நாற்பத்தெட்டு வோல்ட்தானே என்று நினைக்காதீர்கள். இரண்டு முனையிலும் ஸ்பேனர் பட்டால் இரும்பே சிவந்துவிடும்.

மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. காயில் கட்டுபவரிடம் அளவு கொடுத்து மாற்றினோம். மேலே உள்ள உடம்பு பிளாஸ்டிக், துருவே கிடையாது. பழைய துண்டுகளை அசிட்டோனில் கரைத்து, அந்தப் பசையால் விரிசலை அடைத்தேன். அது முழுக்க என் வேலை! அடிச்சட்டத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ரெட் ஆக்சைடு அடிக்க மட்டும் மூணு ஞாயிற்றுக்கிழமை ஆச்சு.

போன மாசம் ரைஸ்மில் களத்தில் ஓட்டினோம். சாவியைத் திருப்பினால் சத்தமே வரவில்லை. அப்பா, "ஸ்டார்ட் ஆகலைடா" என்றார். "ஆயிடுச்சு மாமா, சும்மா மிதிங்க" என்றார் மாமா. மெல்லிய ரீங்காரத்தோடு வண்டி நகர்ந்தது. அப்பாவின் இடது கை கியரைத் தேடித் தேடித் தொடையில் விழுந்தது. ஏழு சுற்று. இறங்கச் சொன்னால் இறங்கவில்லை. அம்மா நெல்லுக்குக் காவல் வந்தவர்போல ஓரமாய் நின்றுகொண்டு, "பார்த்து, பார்த்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இன்னும் ரோட்டுக்கு வரவில்லை. கர்நாடகப் பதிவு, பதினைந்து வருஷம் 2019-லேயே முடிந்துவிட்டது. அங்கிருந்து தடையில்லாச் சான்று வரவேண்டும், பிறகு இங்கே தகுதிச் சோதனை. அதுவரை சாயங்காலம் களம் காலியானதும் அப்பா ஓட்டுகிறார். பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஐந்தரைக்கு மேல் வரலாம்.

— பிளஸ் ஒன், 'ஆ' பிரிவு மாணவன்