முதலில் கை, பிறகு பேஸ், கடைசியில் பெடல்

கடலோரத்தில் பேஸ் கித்தாருக்கு முதல் நோய் ஜாக்கில்தான் வரும். கேபிளைச் செருகும் அந்தச் சின்ன ஓட்டைக்குள் உப்புக்காற்று புகும். தகட்டில் களிம்பு ஏறும். மேடையில் பாட்டு பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது 'கரகர' ஆரம்பித்துவிடும். அடுத்துத் தந்தி, அதற்கும் அடுத்து பிரிட்ஜின் திருகுகள். மரக்காணம் உப்பளங்களிலிருந்து கோட்டக்குப்பம் வரை பேஸ் வாசிக்கிறவர்கள் இந்த நோய்களோடு வந்து சேரும் பட்டறை ஒன்று, வானூர் வட்டத்தில், இடையஞ்சாவடியைத் தாண்டி முந்திரித் தோப்புக்குள் போகும் செம்மண் பாதையில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கூரையின் கீழ் நீளமான ஒரு மேசை, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட கித்தார் கழுத்துகள், மூலையில் சால்டரிங் புகை. அவ்வளவுதான் அடையாளம்.

இந்தப் பக்கம் இப்படி ஒரு தொழில் முளைத்ததற்கு ஆரோவில்தான் காரணம். 1968-இல் தொடங்கிய அந்த நகரத்தின் பெரும்பகுதி வானூர் வட்டத்துக் கிராமங்களுக்கு நடுவில்தான் பரந்து கிடக்கிறது. பல தேசத்து ஆட்கள் வந்தார்கள். அவர்களோடு வாத்தியங்களும் வந்தன. வாத்தியம் வந்தால் ரிப்பேரும் பின்னாலேயே வரும். அங்கே 2003-இல் ஆரம்பித்த 'ஸ்வரம்' பட்டறை, சுற்றுக் கிராமத்து இளைஞர்களுக்கு இசைக்கருவி செய்யக் கற்றுக்கொடுப்பதில்தான் தன் கணக்கைத் தொடங்கியது. எரிசா நியோகி ஆரோவில்லில் கையாலேயே கித்தார் செய்து பெயர் வாங்கியவர். கதவு நிலை, கட்டில் என்று போயிருக்க வேண்டிய உள்ளூர்த் தச்சுக் கைகள் சில, இந்தச் சூழலில், கித்தார் கழுத்தின் குறுக்குக் கம்பிகளான ஃபிரெட்டுகளைத் தேய்க்கும் அரம் பிடிக்கப் பழகிக்கொண்டன.

நான் பார்க்கப் போன மாஸ்டரும் அப்படிப்பட்டவர்தான். அப்பா கதவு செய்தவர். இவர் கருவிப் பட்டறையில் வேலை கற்று, பிறகு தனியாக வந்துவிட்டார். எலக்ட்ரானிக்ஸ் படித்த அக்கா மகள் பக்கத்து மேசையில், சத்தத்தை மாற்றும் பெடல்களுக்கு ரிப்பேர் பார்க்கிறார். மரமும் கம்பியும் மாமாவுக்கு, சர்க்யூட் மருமகளுக்கு. பேஸ் வாங்க நினைக்கும் ஓர் உறவுக்காரப் பையனுக்கு யோசனை கேட்கத்தான் போனேன். எந்தக் கம்பெனி, என்ன விலை என்று நான் ஆரம்பித்ததுமே மாஸ்டர் கையமர்த்தினார். "கம்பெனி அப்புறம் சார். பையன் கை எவ்ளோ பெருசு? எங்க வாசிக்கப் போறான்? சர்ச்சா, மெல்லிசையா, பாண்டிச்சேரி பப்பா? அதச் சொல்லுங்க."

பதில் சொல்வதற்குள் வாசலில் பைக் நின்றது. மரக்காணத்துத் தம்பி. வெயில் காலத்தில் உப்பளத்தில் வேலை, திருவிழாக் காலத்தில் மெல்லிசைக் குழுவில் பேஸ். முதுகில் நாலு தந்திக் கருவி. மனசில் ஐந்து தந்திக் கருவி ஒன்றும், நூறு சத்தம் தருகிற மல்டி எஃபெக்ட் பெட்டி ஒன்றும். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதிதாக வாங்கலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

"அஞ்சாவது தந்தி எதுக்குடா?"

"கீபோர்டு பேஸ் பாட்டெல்லாம் கீழ போவுதுண்ணே. எட்டல."

நியாயமான பதில்தான். பேஸில் வழக்கமான தடித்த தந்தி 'ஈ', சுமார் 41 ஹெர்ட்ஸ். ஐந்தாவதாக வரும் 'பி' தந்தி 31 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். 90-களுக்குப் பிறகு வந்த பாட்டுகளில் கீபோர்டு அந்த ஆழத்துக்குச் சர்வசாதாரணமாகப் போய்வருகிறது. ஆனால் ஐந்து தந்தியின் கழுத்து அகலம். இடது கைக்கு வேலை அதிகம். வாசிக்காத தந்தி அதிராமல் அமுக்கி வைப்பது தனி வித்தை. "ஊர்த் திருவிழா பாக்ஸு 31 ஹெர்ட்ஸ கண்ணால பாத்ததே இல்ல. உனக்கு மட்டும் கேக்கும், சனத்துக்குக் கேக்காது" என்றார் மாஸ்டர். கீழே போக வேண்டிய பாட்டு இரண்டு மூன்றுதான் என்றால், 'ஈ' தந்தியை ஒரு முழு ஸ்வரம் தளர்த்தி 'டி'-க்கு இறக்கினாலே போதும் என்பது அவர் கணக்கு.

பிறகு தம்பியின் கையை மேசைமேல் விரிக்கச் சொல்லி ஸ்கேலை வைத்தார். பேஸ் தேர்வில் பலர் கேட்காமல் விட்டுவிடும் அளவு, தந்தி அதிரும் நீளம். லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸுக்கு அது 34 அங்குலம். இன்றைக்கும் அதுதான் பொது அளவு. குட்டை பேஸ் 30 அங்குலம் இருக்கும். காகிதத்தில் நாலு அங்குலம்தான் வித்தியாசம். ஆனால் முதல் ஃபிரெட்டிலிருந்து நாலாவது ஃபிரெட்டுக்கு விரல் விரிய வேண்டிய தூரம் பெரியதில் சுமார் 13 சென்டிமீட்டர், சிறியதில் பதினொன்றரை. சின்னக் கைக்கு அந்த ஒன்றரை சென்டிமீட்டரில்தான் மணிக்கட்டு வலி இருக்கிறது. குட்டையில் தந்தி கொஞ்சம் தளர்வாக இருப்பதால் சத்தம் உருண்டையாக வரும், தெறிப்பு குறையும். உப்பளத்துத் தம்பியின் கை பெரிய கை. 34 அங்குலம் அவருக்குப் பொருந்தியது.

கைக்கும் கச்சேரிக்கும் ஏற்ப வாத்திய அளவு மாறுவது இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. சிறுபாணாற்றுப்படையில் சீறியாழ் என்ற சின்ன யாழ் ஏந்திய பாணனை ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் அனுப்பும் வழி எயிற்பட்டினம் வழியாகத்தான் போகிறது. அந்தப் பட்டினத்தை மரக்காணம் பகுதியோடு இணைத்துப் பார்க்கும் அறிஞர்கள் உண்டு. பெரும்பாணாற்றுப்படையின் பாணன் கையில் இருப்பது பெரிய யாழான பேரியாழ். ஊர் ஊராக நடந்து போகிறவர் எதைத் தூக்க முடியும் என்ற கேள்வி அன்றைக்கும் இருந்திருக்கும்.

தம்பி கொண்டுவந்த பேஸ் ஜாஸ் பேஸ் வகை. பிரிசிஷனுக்கும் அதற்கும் வித்தியாசம் கேட்டேன். மருமகள் இரண்டையும் மாற்றி மாற்றிச் செருகிக் காட்டினார். தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப், பிரிசிஷனில் நடுவே இரண்டு துண்டாகப் பிரிந்த ஒன்றுதான். சத்தம் தடித்து, நடுவில் உட்கார்ந்துகொள்ளும். டிரம்மோடு சேர்ந்து நிற்க வேண்டியவருக்கு அது போதும். 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப், கழுத்தும் ஒடுக்கம். பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பை ஏற்றினால் எழுத்து எழுத்தாகக் கேட்கும். ஆனால் அதில் ஒரு பிக்கப்பின் சத்தத்தை மட்டும் குறைத்தால் கரண்ட் இரைச்சல் தலைகாட்டும். இரண்டும் ஒரே அளவில் திறந்திருந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடித்துவிடும். டியூப்லைட்டும் சீரியல் பல்புமாக இருக்கும் திருவிழா மேடையில் இது பெரிய விஷயம். ஆக்டிவ் பேஸ் வாங்கினால் உள்ளே 9 வோல்ட் பேட்டரியைக் கவனிக்க வேண்டும். கேபிளைச் செருகியபடியே விட்டால் வாசிக்காவிட்டாலும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

"80-கள்ல வந்த ராஜா சார் பாட்டு இல்லாம எங்க கச்சேரி முடியாதுண்ணே" என்றார் தம்பி. இளையராஜாவின் அந்தப் பாட்டுகளில் பேஸ் தனி மெட்டாகவே ஓடும். அவற்றில் பலவற்றுக்கு வாசித்த சசிதரனின் விரல்களைத் துரத்திப் பிடிப்பதுதான் தமிழ்நாட்டு பேஸ் மாணவர்களின் பால பாடம். அந்த ஓட்டத்துக்கு ஒவ்வொரு ஸ்வரமும் ஒரே எடையில் விழ வேண்டும். தம்பியின் பேஸில் அது விழவில்லை. சில இடத்தில் தந்தி தடதடத்தது, சில இடத்தில் கல்லை அமுக்குவது போல் இருந்தது.

மாஸ்டர் வேலையை ஆரம்பித்தார். இடது கை முதல் ஃபிரெட்டில் தந்தியை அமுக்க, வலது முழங்கை கடைசி ஃபிரெட்டில் அமுக்க, நடுவே ஏழெட்டாவது ஃபிரெட் பக்கம் ஃபீலர் கேஜின் தகட்டை நுழைத்துப் பார்த்தார். சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். இங்கே அதைப்போல மூன்று மடங்கு. நாலு தந்தியும் சேர்ந்து ஏறக்குறைய 75, 80 கிலோ விசையில் கழுத்தை இழுக்கின்றன. அதற்கு எதிராக உள்ளே ஓடும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி முறுக்கித் தாங்குகிறது. ஐப்பசி மழையில் ஈரம் குடித்த மரம் பங்குனி வெயிலில் வேறு மாதிரி நிற்கும். ஆலன் கீயைக் கால் திருப்பு திருப்பிவிட்டு நிறுத்தினார். "அவ்ளோதான். மரம் கொஞ்சம் யோசிக்கட்டும்."

மரம் யோசித்த நேரத்தில் நட்டுக்கு வந்தார். தலைப்பக்கத்தில் தந்திகள் உட்காரும் அந்த வெள்ளைத் துண்டில் 'ஏ' தந்தியின் பள்ளம் ஆழம் போதவில்லை. ஊசி போன்ற அரத்தை வைத்து இரண்டு இழுப்பு, தந்தியை உட்காரவைத்துப் பார்ப்பது, மறுபடி ஒரு இழுப்பு. ஒரு இழுப்பு கூடினால் நட்டையே மாற்ற வேண்டும். பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்தார், தந்தி வழுக்கிக்கொண்டு போக. பிறகு பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் சேடில்களை இறக்கி, பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தந்தியின் உயரத்தை இரண்டரை மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்தார். திறந்த தந்தியின் ஸ்வரமும் பன்னிரண்டாவது ஃபிரெட்டின் ஸ்வரமும் சரியாக ஒரு ஆக்டேவ் தள்ளி நிற்கும்வரை டியூனரைப் பார்த்துப் பார்த்துத் திருகினார். ஜாக்கை மருமகள் மாற்றினார். தம்பி வாங்கி வாசித்ததும் முகம் மாறியது. "இத்தன நாளா நீ விரல்ல வாசிக்கல, தோள்பட்டையில வாசிச்ச" என்றார் மாஸ்டர்.

விரல்பலகையின் கருஞ்சிவப்பைத் தடவியபடி மரத்தைப் பற்றிக் கேட்டேன். உலகத்துக் கித்தார்கள் பலவற்றில் விரல் ஓடும் பலகை நம் ஈட்டி மரம்தான். 2017 ஜனவரியில் அந்த மரத்தின் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019-இல்தான் விலக்குக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் பல கம்பெனிகள் வேறு மரத்துக்கு மாறின. மாஸ்டர் கழுத்துக்குப் பழைய வீடுகளில் கழற்றிய தேக்கையே நம்புகிறார். மரம் கல்லாகிப்போன திருவக்கரை இதே வட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கு வேண்டியது இரண்டு கோடி வருஷத்து மரம் இல்லை, அறுபது எழுபது வருஷம் ஒரே வீட்டில் காய்ந்து ஆடாமல் நின்ற உத்தரம்.

தந்தியில்தான் உப்பளத்துக்காரருக்குத் தனி யோசனை. சுருள் கம்பி வெளியே தெரியும் ரவுண்ட்வவுண்ட் தந்தியில் வியர்வையும் உப்பும் இடுக்கில் தங்கிச் சீக்கிரம் செத்துவிடும். மேல்சுற்று தட்டையான ஃப்ளாட்வவுண்டில் தங்க இடம் குறைவு, ஆயுள் அதிகம், பழைய பாட்டுக்கு ஏற்ற மழமழப்பான சத்தம். மோடவுன் பாட்டுகளின் பேஸ்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் பிரிசிஷன் பேஸில் ஃப்ளாட்வவுண்ட் போட்டு, ஒரே விரலில் மீட்டித்தான் உலகத்தை ஆடவைத்தார். கட்டை விரலால் அறைந்து வாசிக்கும் ஸ்லாப் வேண்டுமென்றால் மட்டும் ரவுண்ட்வவுண்ட்.

இத்தனைக்கும் பிறகுதான் பெடல் பேச்சு. மருமகள் தன் மேசைக்கு அழைத்தார். முதலில் கம்ப்ரஸர். பலமாக மீட்டியதை அமுக்கி, மெதுவாக மீட்டியதைத் தூக்கி, எல்லாவற்றையும் ஒரு வரிசைக்குக் கொண்டுவரும். தம்பி அதன் குமிழைக் கடைசிவரை திருப்பினார். சத்தத்தில் இருந்த உயிர் போய்விட்டது. "போட்டது தெரியக் கூடாது, எடுத்தாதான் தெரியணும்" என்று பாதிக்கும் கீழே இறக்கினார் மருமகள்.

அடுத்தது ஓவர்டிரைவ். கித்தாருக்கென்று செய்ததை பேஸில் போட்டால் அடிச்சத்தம் காணாமல் போய்விடும். சுத்தமான சத்தத்தையும் கூடவே கலந்துவிடும் பிளெண்ட் குமிழ் உள்ளதைத்தான் பேஸுக்கு எடுக்க வேண்டும். செல்போனில் ஒரு பதிவைப் போட்டுக் காட்டினார். சுத்தமான பேஸ் ஏறக்குறையக் கேட்கவே இல்லை. லேசாக ஓவர்டிரைவ் கலந்ததும் கேட்டது. அந்தக் குட்டி ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸைத் தர முடியாது. ஓவர்டிரைவ் சேர்க்கும் மேல் அதிர்வுகளைக் கேட்டு, இல்லாத அடிஸ்வரத்தை நம் மூளையே ஊகித்துக்கொள்கிறது. மட்டமான பாக்ஸ் உள்ள ஊரில் இந்தப் பெடலுக்கு வேலை உண்டு.

ஒரு ஆக்டேவ் கீழே சேர்க்கும் பெடல் (பாஸ் கம்பெனியின் ஓ.சி.-2, 1982-இல் வந்து இன்றும் தேடப்படுவது) மேல் ஸ்வரங்களில் அழகாகப் பேசும். 'ஈ' தந்தியின் அடியில் குழறும். மீட்டும் பலத்துக்கேற்ப 'வாவ்' என்று வாய் திறக்கும் ஃபில்டர் பெடலைக் கம்ப்ரஸருக்கு முன்னால் வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் எல்லா மீட்டலும் ஒரே பலமாகப் போய், ஃபில்டர் வாயைத் திறக்காது. அடாப்டர் விஷயத்தில் மருமகள் கண்டிப்பானவர்: பெரும்பாலான பெடலுக்கு 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, வோல்ட் கூடினால் போச்சு. அவர் மேசையில் செத்துக் கிடந்த பெடல்களில் பாதி தப்பான அடாப்டரால் வந்தவை.

தம்பி கடைசியில் எடுத்த முடிவு: ஐந்து தந்தி அடுத்த வருஷம் பார்க்கலாம். இப்போதைக்கு ஃப்ளாட்வவுண்ட் ஒரு செட், பழைய கம்ப்ரஸர் ஒன்று, மிக்ஸருக்கு நேராகப் போக ஒரு டி.ஐ. பாக்ஸ். வாசித்து முடித்ததும் தந்தியைத் துடைக்க ஒரு பருத்தித் துணி. அது இலவசம்.

காசு கொடுக்கும்போதுதான் இந்தத் தொழிலின் நிலைமை தெரிந்தது. கம்ப்ரஸருக்குச் சொன்ன விலையைத் தம்பி மறுபேச்சில்லாமல் எண்ணி வைத்தார். செட்டப் கூலிக்கு மட்டும், "கொஞ்சம் பாத்துப் போட்டுக்கங்கண்ணே" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. பெடல் கையில் தெரிகிற பொருள், டப்பாவோடு வருகிறது. மூன்று அர இழுப்பும் கால் திருப்பும் கண்ணுக்குத் தெரியாது. அவர் போன பிறகு மாஸ்டர் சொன்னார்: "எல்லாரும் இப்படித்தான் சார். வேல கத்துக்க வர்ற பசங்களும் இதப் பாத்துட்டு கம்பெனிக்குப் போயிடறாங்க."

உறவுக்காரப் பையனுக்கு நான் எழுதி அனுப்பிய யோசனையில் கம்பெனிப் பெயர் இல்லை. ஒதுக்கிய பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்துத் தனியாக வைத்துவிடு. அது செட்டப்புக்கும் தந்திக்கும். மீதியில் உன் கைக்கு எட்டுகிற பேஸ் வாங்கு. மேடை ஏறி, என்ன குறைகிறது என்று காதுக்குத் தெரிந்த பிறகு ஒரே ஒரு பெடல். தனியாக வைத்த பணத்தை இந்தப் பட்டறையில் கொடு, பேரம் பேசாமல் கொடு. நீ ஐந்து தந்திக்கு மாறும் காலத்திலும் நட்டில் அரம் பிடிக்க இங்கே ஒரு ஆள் இருக்க வேண்டும்.